கொலோனிலிருந்து மிக்கேல் எழுதுவது

அன்புள்ள சவேரி,

நலம், நலமறிய அவா. இந்த வரியை நாம் எத்தனை கடிதத்தில் எழுதியிருப்போம்! பழைய ரோமர்களும் இப்படித்தான் தொடங்கினார்களாம். 'ஸி வலேஸ், பெனெ எஸ்த், எகொ வலெஓ.' நீ நலமென்றால் நல்லது, நான் நலம். எழுதி எழுதி அலுத்துப்போய், கடைசியில் அதை வெறும் முதலெழுத்துகளாகச் சுருக்கிப் போட்டுவிட்டு விஷயத்துக்கு வந்திருக்கிறார்கள். நம் அப்பாக்கள் தபால் அட்டையில் இடம் போதாமல் செய்ததுதான்.

முழங்கால் எப்படி இருக்கிறது? இப்போது படியேற முடிகிறதா? நீ கொடுத்தனுப்பிய மக்ரூன் வந்து சேர்ந்தது, பாதி தூளாக. பேரன் முதலில் தின்றது தூளைத்தான்.

சரி, போன கடிதத்தில் "இந்த வயசுல உனக்கு லத்தீன் எதுக்குல?" என்று கேட்டிருந்தாய். பதில் கொஞ்சம் நீளம், அதனால்தான் தாமதம்.

மகள் ஆஸ்பத்திரி வேலைக்கும் பேரன் பள்ளிக்கும் போனபிறகு பகல் முழுக்க நானும் மழையும்தான். இந்த ஊரின் பெயரே லத்தீன். ரோமர்கள் தங்கள் குடியேற்றத்துக்குச் சொன்ன 'கொலோனியா' தேய்ந்து கொலோன் ஆகியிருக்கிறது. நமக்குக் காய்ச்சல் என்றால் அம்மா கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போடுவாளே ஓடிகோலன், அது இந்த ஊர்த் தண்ணீர்தான். வந்த புதிதில் ஒரு கடை வாசலில் நின்று அந்த வாசனையை முகர்ந்துகொண்டே இருந்தேன். கடைக்காரப் பெண் என்ன நினைத்தாளோ.

அப்புறம் ஒருநாள் நூலகத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாதத்தில் இரண்டு மாலை லத்தீன் பேசுகிறவர்கள் கூடுகிறார்கள் என்று. படிக்கிறவர்கள் இல்லை, பேசுகிறவர்கள். போய்ப் பார்த்தேன். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர், இரண்டு பள்ளி ஆசிரியைகள், டிராம் ஓட்டுகிறவர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர். ஒருத்தர் மழையைத் திட்டுகிறார், இன்னொருத்தர் வாடகை ஏறியதைச் சொல்லிப் புலம்புகிறார், எல்லாம் லத்தீனில். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம் காதுக்கு அது மாதா கோயில் பூசைக்கென்றே உள்ள சத்தமல்லவா?

உனக்கு மறந்திருக்காது. 1962-இல், ஒன்பது வயதில், உபதேசியார் பிரம்போடு நின்று நமக்கு உருவேற்றினாரே. சாமி 'இந்த்ரோயீபோ ஆத் அல்தாரே தேயி' என்பார். நாம் முழங்காலில் இருந்தபடி 'ஆத் தேயும் குயி லேத்தீஃபிகாத் யுவெந்தூத்தெம் மேயாம்' என்று ஒப்பிக்க வேண்டும். 'மேயாம்' வந்ததும் நீ என் பக்கம் குனிந்து "எந்த மாடு மேயாம்?" என்று கேட்பாய். எத்தனை நாள் சிரிப்பை அடக்கி அடி வாங்கியிருக்கிறேன்! 'சூஷீபியாத்' என்று தொடங்கும் நீளப் பதிலில் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும்தான் சத்தம், நடுவில் எல்லாம் வாய்க்குள் மாவரைப்பு. சில வருஷத்தில் பூசை தமிழாகிவிட்டது, நமக்கும் நிம்மதி.

இங்கே வந்து உட்கார்ந்தபிறகுதான் அந்த மொழியின் எலும்பும் நரம்பும் தெரிந்தது. சவேரி, இது நமக்கு அந்நியமே இல்லை. வருகிறாயா என்று கேட்க நாம் வினையோடு ஓர் 'ஆ' ஒட்டுகிறோம். அவர்கள் 'னெ' ஒட்டுகிறார்கள்: 'வெனீஸ்னெ?' பதிலுக்கு ஜெர்மன்காரர்கள்போல ஒரு 'யா' போட்டுத் தப்பிக்க முடியாது. 'வெனிஓ', வருகிறேன் என்று வினையையே திருப்பிச் சொல்வதுதான் வழக்கம். 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டாம், விகுதியே சொல்லிவிடும். ரோம் நகரத்தில் சாக்கடை மூடியில்கூட 'எஸ்.பி.க்யூ.ஆர்.' என்று பொறித்திருக்கும். 'செனாத்துஸ் பொபுலுஸ்குவெ ரோமானுஸ்' என்பதன் சுருக்கம், செனட்டும் ரோமானிய மக்களும் என்று பொருள். அதில் வரும் 'குவெ' நம் 'உம்'தான், சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. நாம் இரண்டு பக்கமும் ஒட்டுவோம், அவர்கள் இரண்டாவதில் மட்டும். சொல்லின் கடைசியில் வரும் 'ம்' இருக்கிறதே, அதை உதடு மூடிச் சொல்லக்கூடாதாம். மூக்கால் லேசாக விட்டுவிட வேண்டும். ஆசிரியை இதை மற்றவர்களுக்குக் கால்மணி நேரம் பழக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. 'மரம்', 'பணம்' என்று பேச்சில் சொல்லும்போது நாம் எந்தக் காலத்தில் உதடு மூடினோம்?

குறில் நெடில் விஷயத்தில் மட்டும் மானம் போனது. 'வெனித்' என்றால் வருகிறாள், 'வேனித்' என்றால் வந்தாள். காலமே ஒரு மாத்திரையில் மாறுகிறது. பூசை லத்தீனில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? என் மகள் என்னைக் கூட்டிப்போக வருகிறாள் என்று சொல்ல நினைத்து நெடிலாக இழுத்துவிட்டேன். எல்லாரும் எழுந்து வாசலைப் பார்த்து வணக்கம் சொல்லத் தயாராகிவிட்டார்கள். தொல்காப்பியம் பிறந்த மொழிக்காரன் குறில் நெடிலில் தவறுவதா? அன்றிரவு தூக்கமில்லை.

உச்சரிப்புச் சண்டை அங்கே ஓய்வதில்லை. நாம் கோயிலில் கற்றது இத்தாலிய வாய்ப்பட்ட லத்தீன். அதில் சீசர் 'சேசார்'. பழைய ரோமில் அவர் 'கைசர்' என்கிறார்கள் இவர்கள். ரோமர் காலத்தில் பதிவு செய்த ஒலிநாடாவா இருக்கிறது, எப்படித் தெரியும் என்று கேட்டேன். டிராம் ஓட்டுகிறவர்தான் பதில் சொன்னார். ஜெர்மனில் பேரரசருக்கு 'கைசர்', நிலவறைக்கு 'கெல்லர்'. இரண்டும் ரோமர்களிடம் கடன் வாங்கிய சொற்கள். வாங்கிய காலத்து 'க' அப்படியே இருக்கிறது, ரோமில் பிறகு அது 'ச' ஆகிவிட்டது. ரோமப் பேச்சாளர் சிசெரோவைக் கிரேக்கர்களும் 'கிகெரோன்' என்றுதான் எழுதினார்கள். கடன் வாங்கியவன் பத்திரமாக வைத்திருக்கிறான், கொடுத்தவன் தொலைத்துவிட்டான்.

இன்னொரு சண்டை புதுச்சொல். காபிக்குக் குளம்பி என்று சொன்னதற்கு நம் தமிழாசிரியரை என்ன பாடு படுத்தினோம்! அந்தப் பாவம் இங்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. 1990-களில் வத்திக்கானில் புதுச்சொற்களுக்கு ஓர் அகராதியே போட்டார்கள். அதில் பீட்ஸாவுக்கு 'அழுத்திய அடை', ஹாட்டாகுக்கு 'தொத்திறைச்சி திணித்த ரொட்டி' என்று பொருள்படும் சொற்றொடர்கள். எனக்கு இவை பிடிக்கவில்லை. பசித்தவன் அவ்வளவு நேரம் வாயைத் திறந்துகொண்டு நிற்பானா? கல்லூரிப் பிள்ளைகள் 'பீட்ஸா' என்று சொல்லி அதற்கு வேற்றுமை உருபைச் சேர்த்துவிடுகிறார்கள். அதுதான் உயிருள்ள மொழியின் குணம் என்று தோன்றுகிறது. பல் மருத்துவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

இவர்கள் அதிகம் பேசுவது ரெஜினால்ட் ஃபாஸ்டரைப் பற்றி. அமெரிக்காவில் மில்வாக்கியில் ஒரு பிளம்பர் வீட்டில் பிறந்த கார்மேல் சபைத் துறவி. போப்பின் லத்தீன் கடிதங்களை எழுதும் அலுவலகத்தில் 1969 முதல் 2009 வரை இருந்தார். அங்கி போடாமல் நீலநிறத் தொழிலாளர் உடையில் திரிவாராம். கோடைதோறும் ரோமில் காசு வாங்காமல் லத்தீன் சொல்லிக்கொடுத்தார். பழைய ரோமில் பிச்சைக்காரரும் விலைமகளிரும் பேசிய மொழிதானே, நமக்கும் வரும் என்பது அவர் கட்சி. 2020 கிறிஸ்துமஸ் அன்று போய்ச் சேர்ந்தார். நம் உபதேசியாருக்குப் பதில் இந்த மனுஷன் வாய்த்திருந்தால் நாம் இருவரும் சாமியாராகக்கூடப் போயிருப்போம்.

ரோமப் படை கால் வைக்காத பின்லாந்தில்கூட 1989 முதல் 2019 வரை, அரசு வானொலியில் வாரம் ஐந்து நிமிடம் லத்தீனில் செய்தி வாசித்திருக்கிறார்கள். 2013 பிப்ரவரியில் போப் பெனடிக்ட் பதவி விலகுவதை லத்தீனில் அறிவித்தபோது, ஜியோவானா கிர்ரி என்ற இத்தாலியப் பெண் நிருபருக்கு அந்த மொழி புரிந்ததால் செய்தியை முதலில் உலகுக்குச் சொன்னது அவர்தான். பள்ளியில் படித்த லத்தீன் சோறு போடுமா என்று கேட்பவர்களிடம் இவர்கள் இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுகிறார்கள்.

என் பங்குக்கு நான் வீரமாமுனிவரைச் சொன்னேன். அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவர், தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதியவர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு குறள் சொல்லச் சொன்னார்கள். 'அகர முதல' என்றேன். ஆசிரியை மேசையில் விரலால் தட்டி எண்ணிவிட்டு, ஆறும் குறிலா என்று கேட்டார். அவர்களுடைய காவிய யாப்பில் இரண்டு குறிலுக்குமேல் அடுத்தடுத்து வரக்கூடாதாம். அந்தக் கணம் எனக்கு எவ்வளவு பெருமை என்று நினைக்கிறாய்! ஏதோ நானே எழுதியதுபோல.

உன் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. போன மாதம் வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்தப் பழைய வரியைச் சொல் சொல்லாகப் பிரித்தேன். 'யுவெந்தூத்தெம்' என்றால் இளமையை, 'மேயாம்' என்றால் என்னுடைய. என் இளமையை மகிழ்விக்கும் இறைவனிடம் செல்வேன் என்கிறது அது. மூக்கொழுகிக்கொண்டு நின்ற ஒன்பது வயதுப் பையன்களை இதைச் சொல்ல வைத்திருக்கிறார்கள், பார். மாடு எதுவும் மேயவில்லை, சவேரி. இதை உன்னிடம் சொல்லத்தான் படித்தேன் என்று வைத்துக்கொள்.

முழங்கால் ஆறியதும் விசா வேலையைத் தொடங்கு. மகள் தாள்களை அனுப்புகிறேன் என்கிறாள். கூட்டம் முடிந்து பிரியும்போது இங்கே 'வலே' என்பார்கள், நலமாயிரு என்று பொருள். 'வ' குறில். ஆனால் எனக்கு ஒவ்வொரு முறையும் நெடிலாகத்தான் வருகிறது, பல் மருத்துவரும் விடாமல் திருத்துகிறார். தெருமுனையில் நின்று நீ என்னை விளையாடக் கூப்பிட்ட சத்தம் அது. போய் வா என்பதற்கு எனக்கு அதை எப்படிச் சுருக்கிச் சொல்ல வரும்?

வாலே, சவேரி.

மிக்கேல்