பெட்டியில் அச்சிட்ட வாட் எண்ணை நம்பி ஒலிபெருக்கி வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட்-19 தொற்றால் நம் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்த பிறகு, பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் படிக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டதால், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலும் பட்டணத்தை ஒட்டிய தாமான் எனப்படும் குடியிருப்புகளிலும் பல குடும்பங்கள் முதன்முறையாகக் கணினி வாங்கின. அப்போது கணினியோடு சேர்த்து மலிவாக வாங்கிய ஒலிபெருக்கிகள் இப்போது ஒவ்வொன்றாகப் பழுதாகி வருகின்றன. ஒன்றில் ஒரு பக்கம் பேசுவதில்லை. இன்னொன்றில் ஒலியைக் கூட்டும் திருகைத் தொட்டாலே கரகரக்கிறது. நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) மாற்று ஒலிபெருக்கி தேடி வரும் பெற்றோர் கடையில் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பதைக் கவனித்தபோது எழுந்த கவலைதான் இக்கடிதத்தை எழுத வைத்தது.

பெரும்பாலோர் பார்ப்பது பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைத்தான். ஐந்நூறு வாட், ஆயிரம் வாட் என்றிருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பார்கள். அது ஒரு நொடியின் சிறு துணுக்கில் எட்டக்கூடியதாகச் சொல்லப்படும் உச்ச அளவு. அதை எப்படி அளப்பது என்பதற்குப் பொது விதி எதுவும் இல்லாததால், ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்குத் தோன்றிய எண்ணைப் போட்டுக்கொள்ள முடிகிறது. ஒலிபெருக்கி இடைவிடாமல் தரக்கூடிய ஆற்றலைக் காட்டுவது ஆர்.எம்.எஸ். என்ற அளவு. அது பெட்டியின் அடியிலோ உள்ளிருக்கும் தாளிலோ இருக்கும்; சிலவற்றில் எங்குமே இருக்காது. எங்குமே இல்லாத பொருளை வாங்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

கணினியின் யு.எஸ்.பி. துவாரத்திலிருந்து மட்டுமே மின்சாரம் எடுக்கும் ஒலிபெருக்கிகளில் இந்தப் பொய் இன்னும் வெளிப்படையானது. யு.எஸ்.பி. 2.0 துவாரம் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் கொடுக்கும். பெருக்கிப் பார்த்தால் 2.5 வாட். 3.0 துவாரமானால் 4.5 வாட். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அப்படிப்பட்ட துவாரத்தில் சொருகும் ஒலிபெருக்கியின் பெட்டியில் நூறு வாட் என்று போட்டிருந்தால், அதைப் போட்டவர் வாங்குபவரை மதிக்கவில்லை என்றே சொல்வேன். மாறாக, லாஜிடெக் நிறுவனம் தன் இசட்120 ஒலிபெருக்கிக்கு 1.2 வாட் ஆர்.எம்.எஸ். என்று உள்ளதை உள்ளபடி அறிவித்திருக்கிறது. கடைக்கு வருபவர் அந்தச் சின்ன எண்ணைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, பக்கத்திலிருக்கும் பெயர் தெரியாத 'ஐந்நூறு வாட்' பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார். உண்மையைச் சொன்னவனின் சரக்கு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது.

வாட் கூடினால் சத்தமும் அதே விகிதத்தில் கூடும் என்பதும் சரியன்று. சத்தத்தை டெசிபல் என்ற அலகால் அளக்கிறார்கள்; ஆற்றலை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்குச் சத்தமாகப் படுவதற்கு ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது. மேசைக்கு முன்னால் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து பாடம் கேட்கும் பிள்ளைக்கு ஓரிரண்டு வாட் தாராளம். கூடம் முழுவதும் கேட்க வேண்டுமென்றால்தான் சுவர் மின்சாரத்தில் இயங்குவதைத் தேட வேண்டும். எடிஃபையர் ஆர்1280டி போன்ற 42 வாட் ஒலிபெருக்கிகள் அதற்குப் பொருத்தமானவை. ஆனால் அவை நூறு வெள்ளிக் கணக்கில் அடங்குவதில்லை.

நம் வீடுகளில் கணினி ஒலிபெருக்கி எதற்குப் பயன்படுகிறது? பிள்ளைகளின் பாடம், பெரியவர்கள் கேட்கும் மின்னல் எஃப்.எம். செய்தி, தூரத்தில் வேலை பார்க்கும் மகனோடு பேச்சு, வெள்ளிக்கிழமைகளில் தேவாரம். இவை அனைத்திலும் முதன்மையானது மனிதக் குரல். பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள் என்ற அளவு) வரையான ஒலியை மட்டுமே கடத்தியது. ஆனாலும் பேசியது புரிந்தது. ல, ள, ழ ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் பெரும்பாலும் 1,500க்கும் 3,000 ஹெர்ட்ஸுக்கும் இடையில் இருக்கின்றன. ஸ, ஷ ஆகியவற்றின் சீற்றம் அதற்கும் மேலே போகிறது. மேசைக்கடியில் வைக்கும், தாழ்ந்த ஒலிக்கான பெரிய பேஸ் பெட்டி எழுப்பும் 'தும் தும்' ஓசையோ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடக்கிறது. குறைந்த விலையில் மூன்று பெட்டிகளாக விற்கப்படும் ஒலிபெருக்கியில் காசின் பெரும்பங்கு அந்தப் பேஸ் பெட்டிக்கே போய்விடுவதால், குரலைத் தர வேண்டிய இரண்டு சிறு பெட்டிகளும் மெலிந்த பிளாஸ்டிக்காகவே வருகின்றன. மூலையில் வைத்தால் பேஸ் இன்னும் பெருத்து, ஆசிரியரின் குரலை அமுக்கிவிடுகிறது.

என் பேத்தி தமிழ்ப் பாடநூலை வாசித்ததைக் கைப்பேசியில் பதிவு செய்து, இரண்டு வகை ஒலிபெருக்கியிலும் போட்டுக் கேட்டேன். பேஸ் பெட்டி உள்ளதில் 'பழி' என்று அவள் வாசித்தது 'பலி' என்றே காதில் விழுந்தது. 'பள்ளி'யும் 'பல்லி'யும் ஒன்றாகிப் போயின. அதைவிட மலிவான, பேஸ் பெட்டி இல்லாத இரட்டை ஒலிபெருக்கியில் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக நின்றது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை உச்சரிப்பைக் காதால் கேட்டே கற்கிறது என்பதால், இதைச் சிறு விஷயமாக என்னால் தள்ளிவிட முடியவில்லை.

ஆகவே வாங்குமுன் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு செய்தி அறிக்கையையோ பிள்ளையின் வாசிப்பையோ கைப்பேசியில் எடுத்துச் சென்று, பெட்டியைத் திறந்து போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதலில் எதையும் ஒலிக்க விடாமல் திருகை முழுவதும் கூட்டி, காதை அருகில் வைத்து இரைச்சலைக் கவனியுங்கள். பிறகு மெதுவாகக் குறைத்து, மிகச் சிறிய ஒலியிலும் இரண்டு பக்கமும் சமமாகப் பேசுகின்றனவா என்று பாருங்கள். எங்கள் பட்டணத்துக் கடை ஒன்றில் இப்படிக் கேட்டதற்கு, பெட்டியைப் பிரித்தால் வாங்கியே ஆக வேண்டும் என்று பதில் வந்தது. பழங்களைத் தட்டிப் பார்த்து வாங்க அனுமதிக்கும் நம் ஊரில், காதுக்கான பொருளைக் காதால் சோதிக்க விடாதது நியாயமாகாது.

புதிதாக வாங்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கரகரக்கும் திருகுக்குள் மின் தொடர்புகளைத் துடைக்கும் திரவத்தைத் தெளித்துப் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு பக்கம் பேசாவிட்டால், கம்பி சொருகும் முனைக்கருகில் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருக்கலாம். வானொலி பழுது பார்ப்பவர் சில வெள்ளிக்குப் புது முனை பற்றவைத்துத் தருவார். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியவுடன் 'உம்' என்ற இரைச்சல் நின்றுவிட்டால், குறை மின் இணைப்பில் இருக்கிறதே தவிர ஒலிபெருக்கியில் இல்லை. அதற்காகப் புதியதை வாங்கினால் இரைச்சலும் கூடவே வரும்.

சுவர் மின்சாரத்தில் இயங்குவதை வாங்குவோர், பாதுகாப்புச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேரே வரும் சில ஒலிபெருக்கிகளில் இரண்டு முனைப் பிளக் இருக்கிறது. அதை நம் மூன்று துவாரச் சுவர் இணைப்பில் சொருகுவதற்காக, மேலே உள்ள துவாரத்தில் பேனாவையோ ஈர்க்குச்சியையோ விட்டு மற்ற இரண்டு துவாரங்களின் மூடியைத் திறக்கும் பழக்கத்தைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பிள்ளைகளும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். உயிரோடு விளையாடும் இந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மாலை இடி மின்னலின்போது பிளக்கைப் பிடுங்கிவைப்பதும் நல்லது.

இணையத்தில் வாங்குவோர், வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்குட்பட்ட பொருட்களுக்கும் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காட்டு விற்பனை வரி உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொருள் பழுதாக இருந்து விற்றவர் கைவிரித்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணம் செலுத்தி வழக்கைப் பதியலாம்; வழக்கறிஞர் தேவையில்லை.

வாங்குபவரின் விழிப்பு மட்டும் போதாது. வீட்டு ஒலிக்கருவிகளின் விளம்பரத்தில் தொடர் ஆற்றலைக் குறிப்பிட வேண்டும் என்று அமெரிக்கா 1974இலேயே விதி வகுத்துவிட்டது. பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தருவதைத் தடுக்கும் 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் நம் நாட்டிலும் இருக்கிறது. கணினி ஒலிபெருக்கிப் பெட்டிகளில் ஆர்.எம்.எஸ். அளவை மற்ற எண்களைவிடப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு உத்தரவிட வேண்டும். மாதிரிக்கு ஒரு பெட்டியையாவது திறந்து வைக்கும்படி கடைகளையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தங்கள் நாளிதழ் இக்கோரிக்கையை அமைச்சின் பார்வைக்குக் கொண்டு சென்று, அவர்கள் தரும் பதிலை இதே பக்கத்தில் வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.