முருகன் படத்துக்குப் பின்னால்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி பழையபடி இருக்கிறது. மழை விடவில்லை. செம்பனை லாரிகள் போய்ப் போய்க் கோயில் பாதை சேறாகிவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு. வாசித்து முடித்ததும் கம்பியைத் துடைத்து வை. இந்த ஈரக்காற்றுக்குச் சீக்கிரம் துரு ஏறிவிடும்.

உன் பெயருக்கு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. மூன்றும் ஒரே மாதிரி உறை. நான் பிரிக்கவில்லை. முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு நீ கொண்டுவந்த கிப்சன் லெஸ் பால் அழகான கித்தார்தான். பெட்டியைத் திறந்ததும் அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டுதான் கிட்டவே வந்தாள். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன் பிள்ளை கையில் அப்படி ஒன்றைப் பார்க்க எனக்கும் நெஞ்சு நிறைந்தது. விலையை உன் அக்கா போனில் தேடிக் காட்டினாள். பாட்டி தோட்டின் கதை உனக்குத் தெரியும். அதனால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆனால் அக்காவின் சின்னவன் ஆசையாக நம் பழைய மலிவுக் கித்தார் கபோக்கை நீட்டியபோது, "இது கித்தார் இல்லடா, விறகு" என்றாய். அன்றைக்கு அதை அலமாரி மேல் போட்டவன் இன்னும் எடுக்கவில்லை. கேட்டால், "மாமா சொன்னாங்க" என்கிறான். நீ விரல் கிழியப் பழகியதும் அதே கபோக்தானே, ஐயா?

ஸ்குவையர் கித்தார் வாங்கித் தந்தபோதும் இப்படித்தான். அதுவும் ஃபெண்டர் கம்பெனியின் விலை குறைந்த கித்தார்தான் என்று நீயே சொன்னாய். ஆனாலும் கூட்டாளிகள் பார்த்துவிடுவார்கள் என்று பெயர்மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு போனாய். உன் அறைச் சுவரில் குவீன் இசைக்குழுவின் கித்தார்காரர் பிரையன் மே படம் இன்னும் இருக்கிறது. 1963இல் அவரும் அவர் அப்பாவும் வீட்டிலேயே அவருடைய கித்தாரைச் செய்யத் தொடங்கினார்கள், கழுத்துக்குப் பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டம், உள்ளே பழைய மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் என்று பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது மூச்சுவிடாமல் சொல்வாய். அவர் சில்லறைக் காசால் மீட்டுவார் என்று நீயும் இருபது காசை வைத்துக்கொண்டு வாசிப்பாய். அந்தப் பிள்ளையைத்தான் இப்போது தேடுகிறேன்.

உன்னைக் குறை சொல்லி என்ன? மேல் லயத்துப் பையன் ஒருவன் 1984 திருவிழா மேடைக்குக் கபோக்கோடு வந்து, "அண்ணே, ஒரே ஒரு பாட்டு" என்று நின்றான். என் தோளில் யமஹா, பாட்டியின் தோடு அடகுக்குப் போய் வந்த அதே யமஹா. "விறகைத் தூக்கிட்டு மேடைக்கு வராதே" என்றேன். சாப்பாட்டு மேசையில் இதை எத்தனை முறை உனக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பேன். அந்த வார்த்தை உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதற்கு முந்தின இரவு அவன் வாசலில் உட்கார்ந்து வாசித்ததைக் கேட்டிருந்தேன். என்னைவிட நன்றாக வாசித்தான். அதனால்தான் அவனை ஏற்றவில்லை. இன்றும் பசாரில் கண்டால், "வாங்கண்ணே" என்று தே தாரேக் டீ வாங்கித் தருகிறான். எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

கபோக்கில் மேல் கம்பி அறுந்திருக்கிறது. வரும்போது ஒரு செட் வாங்கி வா. நீயே மாட்டி, சுருதி சேர்த்து, அவன் கையில் கொடு. கிப்சனைக் கொண்டுவர முடியாவிட்டாலும் பரவாயில்லை. நீ வா. நேரத்துக்குச் சாப்பிடு. கம்பியைத் துடைத்து வை.

அன்புடன்,
அப்பா

இதை மடிக்கும்போது தபால்காரர் வந்தார். இப்போது நான்கு.