எலி ஓட ஒரு முழுப் பாதை வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

நம் வட்டாரத்துப் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் ஆறு பேர் ஜப்பானில் நடக்கும் மைக்ரோமவுஸ் போட்டிக்குத் தயாராகிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் மூன்று ரோபோ எலிகளை அவர்களே வடிவமைத்து, சாலிடர் வைத்து, நிரல் எழுதி ஓடவிட்டிருக்கிறார்கள். உதிரிபாகங்களில் பாதி சிம் லிம் டவர் கடைகளில் பேரம் பேசி வாங்கியவை. 1980 முதல் நடந்துவரும் போட்டி இது. சிங்கப்பூர் அணிகளுக்கும் புதிதல்ல.

போட்டிப் பாதை என்பது சுவர்களுக்கிடையே வழி தேட வேண்டிய, கட்டம் கட்டமான ஒரு புதிர்ப்பாதை. அதன் மூலையிலிருந்து கிளம்பும் எலி, முன்பின் பார்த்திராத சுவர்களுக்கிடையே வழி தேடி, நடுவிலுள்ள நான்கு கட்டங்களை அடைய வேண்டும். ரிமோட் கிடையாது. முதலில் மெதுவாகச் சுற்றி வழியை நினைவில் வைத்துக்கொள்ளும். அப்புறம் கண்டுபிடித்த வழியில் ஒரே பாய்ச்சல். தேர்ந்த எலிகள் சில விநாடிகளில் முடித்துவிடும். வளைவில் வழுக்காமலிருக்க, சின்ன விசிறியால் அடியிலுள்ள காற்றை உறிஞ்சித் தரையோடு ஒட்டிக்கொள்ளும் எலிகளும் உண்டு.

சிக்கல் எலியில் இல்லை, பாதையில்தான். 16க்கு 16 கட்டங்கள், கட்டத்துக்கு 18 சென்டிமீட்டர். பக்கத்துக்கு ஏறத்தாழ 2.9 மீட்டர். வீவக அடுக்குமாடி வீட்டில் சோபாவைத் தூக்கி வெளியே வைத்தாலும் இடம் போதாது. பிள்ளைகள் இப்போது அட்டையில் வெட்டிய 4க்கு 4 கட்டத்தில்தான் பழகுகிறார்கள். வேகம் எடுப்பதற்குள் சுவர் வந்துவிடுகிறது. அட்டை வேறு நம் ஊர் ஈரத்தில் நெளிந்துவிடுகிறது. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் எலி தூரத்தை அறிகிறது. சுவர் சாய்ந்தால் அதன் கணக்கும் சாய்ந்துவிடும்.

எங்களுக்குத் தேவை 9,000 சிங்கப்பூர் வெள்ளி. முழு அளவுப் பாதைக்கு 3,400, மோட்டார், பேட்டரி, உணரிகளுக்கு 1,400, மீதி 4,200 பயணத்துக்கு. பயணச் செலவில் இன்னொரு பாதியைப் பெற்றோர் ஏற்றுக்கொண்டார்கள். பணம் குறைவாகச் சேர்ந்தால் முதலில் பாதையைத்தான் செய்வோம். இதற்குக் குழுவில் ஒரு வாக்குவாதமே நடந்தது. ஆனால் போய்வரும் பயணம் ஆறு பேருக்கு. பாதை அடுத்தடுத்து வரும் பிள்ளைகளுக்கும் உதவும். நான்கு துண்டுகளாகச் செய்தால் மின்தூக்கியில் ஏற்றலாம். வைக்க ஒரு அறை தரச் சமூக மன்றம் சம்மதித்திருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் வட்டாரப் பிள்ளைகள் யாரும் வந்து ஓட்டிப் பார்க்கலாம்.

பத்து வெள்ளியும் எங்களுக்குப் பெரிய உதவிதான். பலகையைத் துல்லியமாக வெட்டித் தரக்கூடிய தச்சர் யாராவது இருந்தால், சரி, அவர் பணமே தர வேண்டாம்!

நாங்கள் பதிவுபெற்ற அறநிறுவனம் அல்ல. எனவே வரிக்கழிவு கிடைக்காது. பேநவ் வழியாகப் பணம் அனுப்புவதற்கான விவரம் இத்துடன் இணைத்த படிவத்தில் உள்ளது. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. செலவுக் கணக்கை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். வீடு வீடாக வந்து ரொக்கம் வசூலிக்க யாரையும் அனுப்பவில்லை. எங்கள் பெயரைச் சொல்லி எவரேனும் கதவைத் தட்டினால் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
மாணவர் ரோபோ ஆதரவுக் குழுவினர்