திரைப்பட ரசிகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025

தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், இன்று வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை வட்ஸ்அப் மூலம் அனுப்பி வைக்கப்படும். அதில் யாரும் கட்டைவிரல் காட்ட வேண்டியதில்லை. காரணம் பின்னால் வரும்.

வழமையான காரியங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பொங்கல் ஒன்றுகூடல் நடந்தது. சிறுவர் கார்ட்டூன் பகல் நடந்தது. கோடைச் சுற்றுலா மழையால் கைவிடப்பட்டது. மறைந்த முன்னாள் பொருளாளருக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினோம். நிர்வாக சபை யாப்பில் சொன்னபடி கூடியது, ஆனால் யாப்பில் சொன்ன அளவு ஆட்கள் எப்போதும் இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. கூட்டக் குறிப்புகள் என்னிடம் உள்ளன.

அடுத்தது ஒக்ரோபர் மாதத் திரையிடல். இதைப்பற்றிப் பல கதைகள் உலாவுவதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

‘பிளைத் ஸ்பிரிட்’ என்ற 1945ஆம் ஆண்டுப் படத்தை நாம் காட்டினோம். டேவிட் லீன் இயக்கியது, ஆங்கில நாடகாசிரியர் நோயல் கவர்டின் மேடை நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. சபையில் இது பேச்சுக்கு வந்தபோதே “பழைய வெள்ளைக்காரப் பேய்ப் படம் எங்களுக்கு எதுக்கு?” என்று ஒருவர் கேட்டார். லீன் நமக்கு அந்நியரல்லர். ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காக இலங்கையில் கிதுல்கலவில் பாலம் கட்டி உடைத்தவர் அவர்தான். அதோடு ‘பிளைத் ஸ்பிரிட்’ எடுக்கப்பட்ட டெனம், நாம் கூடும் இந்த மண்டபத்திலிருந்து காரில் அரைமணி நேரத் தூரம். அலெக்சாண்டர் கோர்டா 1930களில் கட்டிய அந்தப் பெரிய ஸ்டூடியோ இன்று இல்லை. கிராமம் இருக்கிறது. லண்டன் ஹரோவில் முப்பது வருடம் இருந்தும் அந்தப் பக்கம் போகாதவர்கள் நம்மில் பலர்.

இரண்டாவது ஆட்சேபனை பாரதூரமானது. “எங்கட சனம் இவ்வளவு பேரைப் பறிகொடுத்திருக்கேக்குள்ள, செத்த பெண்சாதி ஆவியா வாறதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லுறியளோ?” என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் கேட்டார். அவருடைய வீட்டு இழப்பை அறிந்தவன் என்ற முறையில் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. பதிலை இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

இந்த நாடகம் சமாதான காலத்தில் சாவகாசமாக எழுதப்பட்டதல்ல. லண்டனில் கவர்டின் சொந்த இடமே குண்டில் சேதமாகியிருந்தது. 1941 மே மாதம் வேல்ஸில் போர்ட்மெய்ரியன் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் எழுதி முடித்தார். யூன் மாதம் மான்செஸ்டரில் மேடையேறி, யூலை 2ஆம் திகதி லண்டன் பிக்கடிலி தியேட்டருக்கு வந்தது. குண்டில் இடிந்த கற்குவியலின் மேல் போட்ட பலகைகளில் நடந்துதான் முதல்நாள் பார்வையாளர் உள்ளே போனார்கள். எந்த வீட்டில் யார் இறந்தார் என்று அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அவர்கள்தான் அந்த நாடகத்தை 1,997 தடவை ஓடவைத்தார்கள். இசைநாடகங்களை விட்டுப் பார்த்தால் லண்டனில் அதற்கு முன் எந்த நாடகமும் அவ்வளவு ஓடியதில்லை, அந்தக் கணக்கை மீற 1957 வரை ஒரு நாடகமும் வரவில்லை. நாடகத்தில் போர் என்ற பேச்சே கிடையாது. குண்டு இல்லை, பங்கர் இல்லை, பங்கீட்டு அட்டை இல்லை. இறந்தவர்கள் திரும்பி வந்து வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். போருக்குள் இருந்தவர்களுக்கு அது போதும் என்று கவர்டுக்குத் தெரிந்திருக்கிறது. துக்கத்தை அவமதிக்கும் படம் இது என்று நான் நினைக்கவில்லை. நினைப்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு என்னோடு வாதாடலாம்.

வராதவர்களுக்காகக் கதை. சார்ல்ஸ் கொண்டமைன் என்ற எழுத்தாளர் தன் நாவலுக்காக ஆவியோடு பேசுபவர்களின் தந்திரங்களைப் படிக்க விரும்பி, மடம் ஆர்காட்டி என்ற ஊர் அம்மையாரை இரவு விருந்துக்கு அழைக்கிறார். அம்மையார் சைக்கிளில் வருகிறார். தந்திரம் எதுவும் இல்லை, உண்மையாகவே ஆவி வந்துவிடுகிறது: இறந்துபோன முதல் மனைவி எல்வைரா. அவர் சார்ல்ஸின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறார். சார்ல்ஸ் ஆவியை “வாயை மூடு” என்றால், பக்கத்தில் இருக்கும் இரண்டாவது மனைவி ரூத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார். படத்தின் பாதிச் சிரிப்பு இந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலம் வேகமாக வரும்போது நம் பெரியவர்களுக்கு யார் யாருக்குச் சொல்கிறார் என்றே பிடிபடாது. ஆகவேதான் தமிழில் வசன வரிகளை நானே எழுதி, எல்வைராவிடம் பேசுவதைப் பச்சை எழுத்திலும் மற்றவற்றை வெள்ளையிலும் போட்டேன். இந்த வேலைக்காக வட்டத்திடம் ஒரு சதமும் பெறவில்லை. பச்சை எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொன்னவர் பின்வரிசையில் தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்தவர்.

எல்வைராவின் தோற்றத்தையும் சொல்ல வேண்டும். கணினி இல்லாத காலம். காட்சிக்குக் காட்சி இரட்டைப் படமெடுத்து ஆவியை ஒட்டவைக்காமல், நடிகை கே ஹமண்டுக்கு முகமெல்லாம் வெளிறிய பச்சைப் பூச்சும் சாம்பல்பச்சை உடையும் போட்டு, அவர் அறைக்குள் நடக்கும் இடமெல்லாம் பச்சை விளக்கொளி பின்தொடரும்படி செய்தார்கள். ஒளிப்பதிவு ரொனால்ட் நீம். உதடும் நகமும் மட்டும் இரத்தச் சிவப்பு. எல்லாரும் சாதாரண நிறத்தில் இருக்கும் வரவேற்பறையில் இந்த ஒருவர் மட்டும் குளத்தடிப் பாசி மாதிரி நிற்கிறார். படத்தின் தந்திரக் காட்சிகளுக்காக ரொம் ஹவார்ட் ஒஸ்கார் பரிசு பெற்றார். கே ஹமண்டும், ஆர்காட்டியாக நடித்த மார்கரெட் ரதர்ஃபோர்டும் மேடையிலும் அதே பாத்திரங்களைச் செய்தவர்கள். சார்ல்ஸாக ரெக்ஸ் ஹரிசன் நன்றாக நடித்திருக்கிறார் என்றாலும், ரதர்ஃபோர்ட் திரையில் இருக்கும்போது யாரும் ஹரிசனைப் பார்ப்பதில்லை.

சார்ல்ஸைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள எல்வைரா காரில் கோளாறு செய்துவைக்க, அதில் ரூத் ஏறிப் போய் இறந்து, அவரும் ஆவியாகத் திரும்பி வருகிறார். அந்த இடத்தில் முன்வரிசை அம்மா ஒருவர் “இனி இவனுக்கு நித்திரையில்லை” என்று உரக்கச் சொல்லிவிட்டார். எழுந்த சிரிப்பில் நான் எழுதிய அடுத்த மூன்று வரிகளையும் யாரும் வாசிக்கவில்லை. எனக்கு வருத்தமில்லை. நாடகத்தில் சார்ல்ஸ் தப்பி வீட்டைவிட்டுப் போய்விடுகிறார். படத்தில் அவரும் கார் விபத்தில் இறந்து, பாலத்துச் சுவரில் இரு மனைவியருக்கு நடுவில் வந்து விழுகிறார். இந்த முடிவு கவர்டுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் மண்டபத்தில் கைதட்டல் கிடைத்தது.

கைதட்டியவர்கள் 17 பேர். வட்ஸ்அப்பில் வருவதாகக் கட்டைவிரல் காட்டியவர்கள் 41 பேர். அந்த 41ஐ நம்பித்தான் மரக்கறி ரோல்ஸும் கட்லெட்டும் சொல்லப்பட்டன. அன்று இரவு ஒரு பிறந்தநாள் விழாவும், ஒரு அரங்கேற்றமும், ஒரு கிரிக்கெட் ஆட்டமும் இருந்தன என்பதை நான் அறிவேன். திகதி ஆறு வாரத்துக்கு முன் அறிவிக்கப்பட்டது என்பதையும் அறிவேன். மிஞ்சிய ரோல்ஸை மண்டபக் காவலாளி மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்.

கணக்கு விபரம். மண்டப வாடகை, திரையிடும் உரிமைக் கட்டணம், சிற்றுண்டி, அச்சுச் செலவு ஆகியவை போக வட்டத்தின் கையிருப்பு கடந்த வருடத்தைவிடச் சற்றுக் குறைவு. கணக்காய்வு செய்யப்பட்ட அறிக்கை பொருளாளர் ஊரிலிருந்து திரும்பியதும் சமர்ப்பிக்கப்படும். சந்தா விடயத்தில், அங்கத்தவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் இவ்வருடத்துக்குக் கட்டவில்லை. சிலர் போன வருடத்துக்கும் கட்டவில்லை. வருடம் 20 பவுண் என்பது ஒரு குடும்பம் ஒரு தடவை சினிமாவுக்குப் போய்ச் சோளப்பொரி வாங்கும் காசுகூட அல்ல. பெயர்ப் பட்டியல் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

திரைக் கருவியைத் தந்துதவிய அன்பருக்கும், நாற்காலி அடுக்கிய இளைஞர் இருவருக்கும், தேநீர் தந்த சகோதரிகளுக்கும், ஆலோசனைகள் தந்த போஷகர்களுக்கும் நன்றி.

வரும் வருடம். “தமிழ்ப் படம் ஏன் இல்லை?” என்று கேட்டவர்களுக்கு ஒரு யோசனை. கவர்டின் நாடகம் மேடையேறிய அதே 1941இல், அதே உலகப் போர்க் காலத்தில், சென்னையிலும் ஒரு மேடை நகைச்சுவை நாடகம் படமாயிற்று: பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’. தயாரித்தவர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார். மந்தப் பணக்காரப் பிள்ளையாக டி. ஆர். ராமச்சந்திரனும், அவனைவிட மந்தமான வேலைக்காரனாகக் காளி என். ரத்னமும் நடித்தது. எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர், ஆகவே அங்கும் யார் யாரைக் கூப்பிடுகிறார் என்ற குழப்பம் உண்டு. இரண்டையும் ஒரே நாளில், நடுவில் சாப்பாட்டோடு, அடுத்தடுத்துக் காட்ட விரும்புகிறேன். அதற்கு முழுநாள் வாடகை வேண்டும். மண்டப நிர்வாகம் ஏப்ரலிலிருந்து வாடகையை உயர்த்துகிறது, முற்பணமும் கேட்கிறது. கையிருப்பு இப்படியே இருந்தால் ஒரு படத்தின் முதல் பாதியைத்தான் காட்டலாம்.

செயலாளர் பதவிக்கு வேறு எவராவது முன்வந்தால் சாவி, கோப்புகள், பச்சை எழுத்து வசனக் கோப்பு உட்பட அனைத்தையும் இன்றே ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். யாப்பின் விதிப்படி முன்வருபவர் நடப்பு வருடச் சந்தாவைக் கட்டி முடித்தவராக இருக்க வேண்டும். சந்தாப் புத்தகமும் பற்றுச்சீட்டும் வாசல் மேசையில் உள்ளன. இன்று அட்டையாலும் கட்டலாம்.

இங்ஙனம்,
செயலாளர்