அளவு நாடா போதாது, தராசும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கியூ என்ற கோலால் பந்துகளை அடித்து மேசைக் குழிகளில் விழவைக்கும் பூல் ஆட்டத்தின் போட்டிகளில், குறுக்கே நிற்கும் பந்தைத் தாண்டி அடிக்க உதவும் குட்டையான ஜம்ப் கியூவை அனுமதிக்கலாமா கூடாதா என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன். தடை கோருபவர்களும் அதை எதிர்ப்பவர்களும் கோலின் நீளத்தையே பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள். பல ஆண்டுகளாகப் போட்டிகளில் ஆடிவருபவன் என்ற முறையில், சிக்கல் நீளத்தில் இல்லை, எடையில் இருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் உபகரண விதிப்படி, கியூ குறைந்தது 40 அங்குலம், அதாவது 1016 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். அதிகபட்ச நீளத்துக்கு வரம்பு இல்லை. எடையில் இது தலைகீழாகிவிடுகிறது. 25 அவுன்ஸுக்கு மேல் போகக் கூடாது என்ற மேல்வரம்பு உண்டு, கீழ்வரம்பு கிடையாது. ஆட்டத்தின் நடுவில், தொடக்க அடிக்கான பிரேக் கியூ, ஜம்ப் கியூ, வழக்கமான கியூ என்று மாற்றிக்கொள்ளவும் அதே சங்கத்தின் விதி வெளிப்படையாக இடம் தருகிறது. ஆகவே ஜம்ப் கியூ வைத்திருப்பவரை ஏமாற்றுக்காரர் போல் பேசுவது நியாயமல்ல. அவர் விதிக்கு உட்பட்டுத்தான் ஆடுகிறார். விதிதான் பாதி வழியில் நின்றுவிட்டது.

பூலைப் போன்ற மற்றொரு மேசை ஆட்டமான ஸ்னூக்கரைப் பாருங்கள். அங்கே கியூவின் குறைந்தபட்ச நீளம் 3 அடி, பூல் கியூவின் வரம்பைவிட 4 அங்குலம் குறைவு. ஆனாலும் குட்டைக் கோலைப் பற்றி அங்கே எந்தச் சண்டையும் எழுவதில்லை. ஏனென்றால், கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தை மற்றொரு பந்தின் மேலே தாண்டவைப்பதே, ஒருசில விலக்குகள் தவிர, அந்த ஆட்டத்தில் ஃபௌல். தாண்டுவதை அனுமதிக்கும் பூலில்தான் கருவி எப்படி இருக்கலாம் என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்கு நாற்பது அங்குலம் என்று மட்டும் பதில் சொல்லிவிட்டு ஓய்ந்துவிட்டோம்.

எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு போட்டியில் ஒன்பது பந்து ஆட்டம். எதிராளி அருமையான சேஃப்டி வைத்து, அதாவது நான் அடிக்க வேண்டிய பந்தை நேராக எட்ட முடியாதபடி தற்காத்து ஆடி, வெள்ளையை மறைத்துவிட்டார். நான் இரண்டுக்கும் பயன்படும் என் பிரேக்-ஜம்ப் கியூவின் பின்கட்டையைக் கழற்றிவிட்டு முன்பகுதியோடு மேசைக்கு வந்தபோது நடுவர் நாடாவை எடுத்தார். பந்தைத் தொடும் முனையான டிப்பின் நுனியிலிருந்து அடி ரப்பர் வரை அளந்ததில் கால் அங்குலம் குறைந்தது. டிப்பை மாற்றியபோது அதன் கீழுள்ள ஃபெர்ரூல் என்ற பூணையும் சற்று இழைத்திருந்தார்கள். அதை நான் கவனிக்கவில்லை. பிழை என்னுடையது, நடுவர் செய்தது சரி. ஆனால் அடுத்த மேசையில் ஒருவர் எட்டரை அவுன்ஸ் எடையுள்ள, கல்லைப்போல் இறுகிய பெனாலிக் பிசின் டிப் பொருத்திய கோலால், ஒரு சாண் தூரத்தில் நின்ற பந்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டிக்கொண்டிருந்தார். அவருடைய கோல் நாற்பது அங்குலத்தைத் தாண்டியதால் அதில் யாருக்கும் கேள்வி இல்லை. என் கால் அங்குலம் எனக்குத் தந்திருக்கக்கூடிய சாதகம் என்னவென்று அன்றிலிருந்து யோசித்துவருகிறேன். ஒன்றுமே இல்லை என்பதுதான் உண்மை.

பந்து எப்படித் தாண்டுகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். முறையான ஜம்ப் ஷாட்டில் கோலைப் பின்பக்கம் உயர்த்திப் பிடித்து, வெள்ளைப் பந்தின் மேற்பாதியில் கீழ்நோக்கி அடிக்கிறோம். பந்து துணிக்கு அடியிலுள்ள ஸ்லேட் கல்லில் மோதி எழும்புகிறது. எழும்பும் பந்துக்குக் கோல் வழிவிட்டாக வேண்டும், இல்லையென்றால் அது டிப்பில் இடித்து அமுங்கிப்போகும். பந்தின் எடை ஏறக்குறைய 6 அவுன்ஸ். மோதலில் சக்தி விரயமாகவில்லை என்று வைத்துக் கணக்கிட்டால், 19 அவுன்ஸ் எடையுள்ள வழக்கமான கோல் பந்தை அடித்த பிறகும் தன் வேகத்தில் பாதிக்குச் சற்று அதிகமாக வைத்துக்கொண்டு பந்தின் பின்னாலேயே போகும். 9 அவுன்ஸ் கோலுக்கோ ஐந்தில் ஒரு பங்கு வேகம்தான் மிஞ்சும். அது அநேகமாக நின்றுவிடுகிறது, பந்து தப்பிக்கிறது. டிப் கடினமாக இருந்தால் தொடும் நேரமும் குறைகிறது. நீளத்தின் பங்கு, கோலைச் செங்குத்தாக உயர்த்தி, ஈட்டியெறிவதுபோல் பிடித்து அடிக்க வசதி தருவது மட்டுமே. அந்த வசதி 40 அங்குலக் கோலிலேயே தாராளமாகக் கிடைத்துவிடுகிறது.

இந்த இலேசான கோல்களால் இழப்பது எதை என்றும் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயஸ், 1999-இல் கார்டிஃபில் உலக ஒன்பது பந்துப் பட்டத்தை வென்றவர், மறைக்கப்பட்ட பந்தை, வெள்ளையை மேசையோரக் குஷன்களில் மோதவிட்டுத் தேடிப்பிடிக்கும் கிக் ஷாட்டுக்காகவே உலகமெங்கும் கொண்டாடப்படுகிறார். மேசையைச் சுற்றி நடந்து, கோணத்தைக் கண்ணால் அளந்து, சுழலைக் கூட்டிக் குறைத்து, வேகத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்த்து அடிக்கும் கலை அது. இளம் ஆட்டக்காரர்கள் பலர் இன்று மறைப்பைக் கண்டவுடன், மேசையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கைப்பையிலிருந்து குட்டைக் கோலை எடுப்பதைப் பார்க்கையில் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நுணுக்கமாக வைத்த சேஃப்டிக்கு உரிய பலன் அதை வைத்தவருக்குக் கிடைக்க வேண்டாமா?

அதற்காக முழுத்தடை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதிராளி குறி தவறி அடித்த பந்து, அவர் நினைக்காமலே நம்மை மறைத்துவிடும் சந்தர்ப்பங்கள் ஏராளம். பிரேக்கை அடுத்த அடிக்கு மட்டும், எந்தப் பந்தையும் தொட வேண்டிய கட்டாயமின்றி வெள்ளையை நகர்த்தும் புஷ் அவுட் என்ற விடுதலை உண்டு. பின்னால் வரும் தற்செயலான மறைப்புகளுக்கு அது கிடையாது. அங்கே தாண்டும் உரிமை இருப்பது நியாயம். தவிர, தாண்டிய பந்தைக் குறியில் சேர்த்துக் குழியில் விழவைப்பது எளிதும் அல்ல.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: கியூவின் எடைக்கு ஒரு கீழ்வரம்பு விதிக்க வேண்டும். 15 அவுன்ஸ் என்பது என் யோசனை. அந்த எடையில் திறமையுள்ளவர் தாண்டுவார், ஆனால் கைப்பழக்கத்தை உழைத்துப் பெற்றாக வேண்டும். டிப் தோலாகவே இருக்க வேண்டும் என்பதையும் சேர்க்கலாம். பந்தின் அடியில் டிப்பைச் செருகிக் கரண்டியால் அள்ளுவதுபோல் தூக்கும் ஸ்கூப் ஷாட் ஏற்கெனவே தவறு என்றாலும், பல நடுவர்கள் அதைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். அதில் அவர்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

உலக அளவில் விதி மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தங்கள் போட்டியில் ஜம்ப் கியூவே கூடாது என்று சில அமைப்பாளர்கள் முடிவுசெய்யும்போது, எடை வரம்பை அறிவிப்பதற்கு மற்றவர்களுக்கு என்ன தடை இருக்க முடியும்? ஆட்டம் தொடங்குவதற்கு முன், நடுவரின் மேசையில் நாடாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு தராசையும் வைத்து, கழற்றிப் பூட்டும் கோல்களைத் தாண்டுவதற்குப் பயன்படுத்தும் நிலையிலேயே நிறுத்துப் பார்க்கும்படி போட்டி அமைப்பாளர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்