மலிந்து கிடக்கிறதாம் தீவு ஓணான்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் அந்தமான் கட்டுரையில், ‘காட்டுக்குள் எங்கு திரும்பினாலும் ஓணான்தான், மலிந்து கிடப்பதால் இதற்கு ஆபத்து ஒன்றுமில்லை’ என்ற வரியைப் படித்து மனம் நொந்துபோனேன். பக்கத்தில் போட்ட படமாவது சரியா என்றால் அதுவும் இல்லை. அது நம் சென்னையில் முருங்கை மரத்தில் தலையாட்டும் வேலி ஓணான். அந்தமானுக்கு அது மனிதரோடு போய்ச் சேர்ந்த வெளியூர் விருந்தாளி.

கட்டுரை சொல்ல வந்த ஓணானின் அறிவியல் பெயர் கோரிஃபோபைலாக்ஸ் சப்கிரிஸ்டேட்டஸ். இந்தப் பேரினமே அந்தமான் நிக்கோபார் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இதன் உறவான குட்டைவால் இனத்தை ஆய்வாளர்கள் தனி இனமாக விவரித்ததே 2012-இல்தான். தீவுகள் அத்தனையும் சேர்ந்தால் 8,249 சதுர கிலோமீட்டர். அந்த எல்லைக்குள் நிறைய இருக்கிறது என்பதை ‘ஆபத்தில்லை’ என்று எப்படி எழுத முடிந்தது? உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) செம்பட்டியலில் ஓர் உயிரினத்தைக் ‘குறைந்த கவலை’ என்று வைப்பது, மதிப்பிட்ட நேரத்தில் மொத்த இனமும் அழியும் நிலையில் இல்லை என்று சொல்வதற்கு மட்டுமே. ஒவ்வொரு தீவிலும் அது நன்றாக இருக்கிறது என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை.

இந்த ஓணான் வாழும் விதத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். பகலில் மரத்தண்டின் கீழ்ப்பகுதியில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். சருகில் பூச்சி அசைந்தால் இறங்கிப் பிடித்துவிட்டு மறுபடி ஏறிவிடும். ஆள் நெருங்கினால் தண்டைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். இரவானால் புதர்ச்செடிகளின் மெல்லிய குச்சி நுனியில் படுத்துத் தூங்கும். பாம்பு ஏறினால் குச்சி ஆடும், ஓணான் விழித்துக்கொள்ளும். ஆக, இதற்குப் பெரிய மரம் மட்டும் போதாது. ஈரச் சருகும் கீழ்மட்டச் செடிகொடியும் வேண்டும். மேலே பச்சைக் குடை அப்படியே இருக்க, கீழே மட்டும் காடு வழித்தெடுக்கப்பட்டால், தூரத்துப் புகைப்படத்தில் காடு காடாகவே தெரியும். ஓணானுக்கு இடம் போயிருக்கும்.

அப்படி வழித்தெடுப்பது யார்? அதே கட்டுரை ‘கண்கொள்ளாக் காட்சி’ என்று கொண்டாடிய புள்ளிமான்கள்தாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டவை. அவற்றை வேட்டையாடப் புலியோ சிறுத்தையோ செந்நாயோ அங்கே இல்லை. கடலில் நீந்தித் தீவு விட்டுத் தீவு பரவிவிட்டன. மரக்கன்றுகளையும் நாற்றுகளையும் மேய்ந்து தீர்க்கின்றன. மான் உள்ள காடுகளில் தரையிலும் தாழ்ந்த செடிகளிலும் வாழும் ஓணான், அரணை வகைகள் பல மடங்கு குறைந்திருப்பதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. இது தங்கள் அலுவலகத்துக்குத் தெரியாததல்ல.

எண்ணிப் பார்த்தோம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பகலில் சுற்றுலாப் பாதையோரம் நடந்து எண்ணினால் வெயில் படும் ஓரத்து ஓணான்கள்தாம் கண்ணில் படும். எண்ண வேண்டுமானால் பாதையை விட்டு விலகி, 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் கட்டி, எதுவும் தப்பி ஓடாதபடி முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சருகைப் புரட்டிக்கொண்டே போக வேண்டும். அல்லது இரவில் டார்ச் அடித்துக் குச்சிகளில் தூங்குபவற்றை எண்ண வேண்டும். மான் உள்ள தீவிலும் இல்லாத தீவிலும் ஒரே முறையில், ஒரே பருவத்தில் எண்ணினால்தான் ஒப்பிடவே முடியும்.

இது முதல் முறையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். கோடை இணைப்பில், ராஸ் தீவு மான்களுக்கு பிஸ்கட் ஊட்டும் குழந்தையின் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டீர்கள். இன்டர்வியூ தீவை ‘யானைகளின் சொர்க்கம்’ என்றீர்கள். அவை 1962-இல் மரக் கம்பெனி ஒன்று கைவிட்டுப்போன யானைகள் என்று ஒரு சொல் இல்லை. பெரிய நிக்கோபாரில் 130.75 சதுர கிலோமீட்டர் காடு துறைமுகம், விமான நிலையத் திட்டத்துக்காகக் கைமாறுவதை எழுதியபோது, ஈடாக ஹரியானாவில் மரம் நடப்படும் என்பதை ஆறுதலாக எழுதினீர்கள். நிக்கோபாரிலும் இந்த ஓணான் உண்டு, ஐயா. ஹரியானாவில் நடும் மரத்தில் அது எப்படி வாழும்?

மீன்குஞ்சுகளோடு அந்தமானுக்கு வந்து பரவியதாகக் கருதப்படும் பெருந்தவளையைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட உங்கள் பத்திரிகையில் பார்த்ததில்லை. உள்ளூர்ச் சிற்றுயிர்களை அதுவும் விழுங்குகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சரியான படத்தோடு ஒரு திருத்தம் போடுங்கள். சுற்றுலாப் பக்கத்தின் ‘கவனிக்க’ பெட்டியில் இரண்டு வரி சேருங்கள்: மானுக்குத் தீனி போடாதீர்கள், சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறும்போது மண்ணோடு செடித்தொட்டி கொண்டுபோகாதீர்கள், அதில் ஓணான் முட்டையும் தவளையும் சேர்ந்தே போய்விடக்கூடும். அடுத்த ஞாயிறே வந்தால் நல்லது, அரையாண்டு விடுமுறைக்கு டிக்கெட் போடுகிறவர்கள் இப்போதே படிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை