எழுத்தெழுத்தாக வரட்டும், துண்டு துண்டாக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடியோ கேமில் ஒரு பாத்திரம் பேசும்போது வசனம் மொத்தமாக வராது. டைப் அடிப்பதுபோல் ஒவ்வொரு எழுத்தாக வரும், கூடவே 'டிக் டிக்' ஒலியும் கேட்கும். 1986-இல் ஜப்பானில் வெளியான டிராகன் குவெஸ்ட் காலத்து வழக்கம் இது. தமிழில் கேம் செய்கிறவர்கள் ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்துப் போடுவதால் நம் வசனம் திரையில் நொண்டுகிறது.

காரணம் எளிது. நமக்கு 'க்' ஓர் எழுத்து. கணினியில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் அது ககரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு எண்கள். நிரல் எண்ணுக்கு ஒன்றாகக் காட்டினால் 'பல்' என்ற சொல் முதலில் 'பல' என்று தெரிந்து, பிறகு தலையில் புள்ளி விழும். 'கொக்கு' இன்னும் மோசம்: 'க' வந்து நிற்கும், அடுத்த நொடித்துளியில் கொம்பு இடப்பக்கம் முளைத்து ககரத்தை வலப்பக்கம் தள்ளும். வாசிக்கிற கண் தடுக்கி விழுகிறது. ஆர்பிஜி மேக்கர் எம்வி போன்ற கேம் செய்யும் கருவிகளில் ஒவ்வொரு எண்ணும் தனியே வரையப்படுவதால் கொம்பும் காலும் ககரத்தோடு சேராமல் புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு தனியாக நிற்கும்.

வேகமும் கெடுகிறது. 'வந்துகொண்டிருக்கிறான்' என்பதில் 11 எழுத்துகள், 21 எண்கள். விநாடிக்கு 30 எண் என்று வைத்தால் ஆங்கிலத்துக்கு 30 எழுத்து கிடைக்கும், நமக்கு ஏறக்குறைய பாதிதான். 'அம்மா' என்றால் மூன்று முறை ஒலிக்க வேண்டியது ஐந்து முறை ஒலிக்கும். வேகத்தை ஃபிரேம் கணக்கில், அதாவது திரை புதுப்பிக்கப்படும் தடவைகளை வைத்து எழுதியிருந்தால் வேறொரு கூத்து: விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் சரியாக ஓடிய வசனம் 144 ஹெர்ட்ஸில் 2.4 மடங்கு வேகமாகப் பறக்கும். விநாடிக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

எண்ணை விட்டுவிட்டு எழுத்தை எண்ணினால் பாதிச் சிக்கல் தீரும். இதற்கு நிரல்மொழிகளிலேயே வசதி உண்டு: ஜாவாஸ்கிரிப்டில் Intl.Segmenter, சி ஷார்ப்பில் டாட்நெட் 5 முதலான பதிப்புகளின் ஸ்ட்ரிங்இன்ஃபோ ஆகியவை உயிர்மெய்யைப் பிரிக்காமல் தருகின்றன. ஆனால் 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டையும் அவை நடுவில் வெட்டிவிடும். அவற்றுக்கு விதிவிலக்கை நாமே எழுத வேண்டும்.

அடுத்தது, முழு வசனத்தையும் முதலிலேயே வரி பிரித்து அடுக்கிவிட்டு, தெரியவேண்டாத பகுதியை மறைத்து வைப்பது. இல்லாவிட்டால் வரியின் கடைசியில் பாதி வந்த நீளமான சொல் இடம் போதாமல் அடுத்த வரிக்குத் தாவும். விகுதிமேல் விகுதி சேரும் தமிழில் இது அடிக்கடி நடக்கும். கோடோ 4 என்ற கேம் செய்யும் கருவியில் உரை எவ்வாறு வெளிப்பட வேண்டும் என்ற அமைப்பு முதலில் 'பிஃபோர் ஷேப்பிங்' (எழுத்துகளைக் கோத்து வடிவமைப்பதற்கு முன்) என்றுதான் இருக்கும். அதை 'ஆஃப்டர் ஷேப்பிங்' (வடிவமைத்த பின்) என்று மாற்றினாலே கொம்பு தாவுவதும் வரி தாவுவதும் நிற்கும். எண்ணிக்கை மட்டும் அப்போதும் யூனிகோடு எண்ணில்தான், ஆகவே தாளத்தைத் தனியே சரிசெய்ய வேண்டும்.

நிறுத்தங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காற்புள்ளிக்கு 0.15 விநாடி, முற்றுப்புள்ளிக்கு 0.35 விநாடி என்று வைத்தால் பேச்சு மூச்சு விடும். திருப்பம் உள்ள வசனத்தில் மூல ஆசிரியரே நடுவில் ஒரு நிறுத்தக் குறி வைத்திருப்பார்: கொன்றது யார் என்பது அரை விநாடி கழித்துத் தெரியவேண்டும். 'உன் அண்ணன்தான் கொன்றான்' என்று மொழிபெயர்த்தால் குட்டு முதலிலேயே உடைந்து, நிறுத்தம் வினைச்சொல்லுக்கு முன்னால் அசட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கும். 'கொன்றது... உன் அண்ணன்' என்றால் சரியாக விழும். குறியை அழித்துவிட்டு வெறும் வாக்கியத்தை மட்டும் எக்செல் தாளில் அனுப்பினால் எந்த மொழிபெயர்ப்பாளராலும் இதைச் செய்ய முடியாது. குறியோடு அனுப்புங்கள், அதை இடம் மாற்றும் உரிமையையும் கொடுங்கள். ஆட்டக்காரர் பெயர் வரும் இடத்தில் 'இன்' என்று ஒட்டி 'குமார்இன் வாள்' என்று வருகிற அவலமும் இப்படித் தாளில் வேலை செய்வதால்தான். 'குமார், இது உன் வாள்' என்று வாக்கியத்தை மாற்றினால் போயிற்று.

பொத்தான் விஷயம் சுருக்கமாக: முதல் அழுத்தலில் வசனம் முழுதாக வரவேண்டும், இரண்டாவதில்தான் அடுத்த வசனம். இரண்டுக்கும் நடுவே 0.2 விநாடி எந்த அழுத்தலையும் ஏற்காமலிருந்தால், அவசரத்தில் இரண்டு முறை தட்டியவருக்கு வசனம் தவறாது. எழுத்தெழுத்தாக வருவதே வேண்டாம் என்பவருக்கு அதை நிறுத்தும் வசதியும் அமைப்புகளில் இருக்கட்டும்.

வெளியிடும் முன் ஒரே ஒரு வரியை விநாடிக்கு 5 எழுத்து வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள்: 'பௌர்ணமியன்று ஸ்ரீரங்கத்துக்குப் போன லக்ஷ்மி கொழுக்கட்டை கேட்டாள்.' எங்காவது புள்ளி தாமதமாக விழுந்தாலோ கொம்பு நகர்ந்தாலோ கண்ணிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கேம் தமிழாக்கப் பணியாளர்கள்,
கோவை